கியா பார்மில் சொந்தத் தொழில்: ராஜினாமா கடிதத்துக்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

கேமரன் மலையில் தோட்ட அலுவலகத்துக் கிராணியோ தானா ராத்தா விடுதியின் கணக்கரோ வேலையை விட நினைத்தால், பெரும்பாலும் கண்ணில் நிற்பது கியா பார்ம் சந்தைதான். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து ஊர்ந்து வரும் கார்களையும் ஸ்ட்ராபெரிக்கும் அவித்த சோளத்துக்கும் கூடும் கூட்டத்தையும் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆசையில் தவறில்லை. ஆனால் கணக்கை அந்தக் கூட்டத்திலிருந்து தொடங்கக் கூடாது. சம்பளத்தோடு சேர்ந்து, கைக்கு வராமலே நமக்குக் கிடைத்துவந்தவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே முதல் வேலை, சம்பளச் சீட்டை எடுத்துவைத்துப் படிப்பது. 2,500 ரிங்கிட் சம்பளக்காரருக்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது மாதம் 325 ரிங்கிட், ஊழியர் சேமநிதியில் போடுகிறார். ஊழியரின் 11 விழுக்காட்டையும் சேர்த்தால் மாதம் 600 ரிங்கிட். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு, சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு, சிலருக்குத் தோட்டத்து வீடு ஆகியவையும் உண்டு. வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும். இவை ஒவ்வொன்றுக்கும் மாதச் செலவு போட்டு, அந்தத் தொகையையும் தொழில் ஈட்டினால்தான் பழைய வருமானத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, வேலையில் இருக்கும்போதே, ஒப்பந்தம் இடம் கொடுத்தால், வார இறுதிகளில் தொழிலைச் சோதித்துப் பாருங்கள். விடுமுறைச் சனிக்கிழமை விற்பனையை அளவுகோலாக்க வேண்டாம். அக்டோபர், நவம்பர் மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை எவ்வளவு விற்றது என்று எழுதுங்கள். விற்காத ஸ்ட்ராபெரி பெட்டியின் அடிப்பழம் ஓரிரு நாளில் கசிந்து மேல்பழத்தையும் கெடுத்துவிடும். அந்த நட்டமும் கணக்கில் ஏற வேண்டும். மழைக்கால வருமானம் வாடகையையும் சரக்குச் செலவையும் தாங்கினால், விடுமுறை வருமானத்தைச் சேமிப்பாக வைக்கலாம்.

மூன்றாவது, காகிதங்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். கடைக்கு மாவட்ட மன்றத்தின் உரிமம் தேவை. நிலம் எடுத்துப் பயிரிடுவதானால் உரிமையாளரின் ஆவணத்தைப் பாருங்கள்: தற்காலிக நிலப் பயன்பாட்டு உரிமம் அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-இல் முடிவது, பிறருக்கு மாற்ற முடியாதது. அதை நம்பிப் பசுமைக்குடிலில் பெரிய முதல் போடுவது ஆபத்து. வரிக்கு இனி பி படிவம்; ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

நான்காவது, இழக்கும் பாதுகாப்பை நீங்களே அமைத்துக்கொள்வது. சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. அதன்கீழ் சொக்சோவில் சேரலாம். சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில், 2025 நிலவரப்படி, நீங்கள் போடுவதற்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட், அரசு சேர்க்கிறது. இவ்வளவும் ஆன பிறகே ராஜினாமா. ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் கால அளவு இல்லையென்றால், வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த பணிக்கு நான்கு வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைந்ததற்கு ஆறு, அதற்கு மேல் எட்டு வார முன்னறிவிப்பு தேவை. தாமாக விலகுவோருக்கு வேலை காப்புறுதிப் பணம் கிடைக்காது.

இப்படிக் கணக்கு பார்த்தால் யாருமே துணிய மாட்டார்கள் என்பார்கள். தோட்டத்துச் சம்பளத்தைத் தவிர வேறு வழி அறியாத குடும்பங்களுக்குத் துணிவு வேண்டும் என்பது உண்மையே. ஆனால் சேமிப்பில்லாத குடும்பத்தில் முதல் மழைக்காலத்திலேயே கடை மூடினால், அடுத்த தலைமுறையும் துணியாது. தெக்குன் போன்ற சிறுதொழில் கடன் இருக்கிறதே என்றால், அது சரக்குக்கும் கருவிக்கும் உதவும். வீட்டுச் செலவுக்கு எடுத்த கடனை எந்தக் கடையும் எளிதில் அடைப்பதில்லை. ஆறு மாத வீட்டுச் செலவு கையில் சேர்ந்து, ஒரு மழைக்காலத்து விற்பனைக் கணக்கும் எழுதி முடித்த பிறகு கடிதத்தைக் கொடுங்கள். அதுவரை வேலையையும் விடாதீர்கள், தொழில் ஆசையையும் விடாதீர்கள்.