நிழற்படச் சுருக்கமும் நாம் செய்யும் பிழைகளும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

நாட்டு நலப்பணித் திட்ட முகாமாயினும் விளையாட்டு விழாவாயினும் இன்று நூற்றுக்கணக்கில் நிழற்படங்கள் குவிந்து விடுகின்றன. அறிக்கையுடன் இணைக்கவும் மின்னஞ்சலில் அனுப்பவும் அவற்றைச் சிறிதாக்க வேண்டியுள்ளது. ஒவ்வொன்றாகச் செய்யப் பொழுது போதாது. ஆகவே, ஒரே கட்டளையில் எல்லாப் படங்களையும் சுருக்கும் வசதியைப் பட மென்பொருள்கள் தருகின்றன. இதனைத் 'தொகுதிச் சுருக்கம்' எனலாம். ஒரு கட்டளை நூறு வேலைகளைச் செய்யும். அதில் பிழை இருப்பின் நூறு பிழைகளையும் அதுவே செய்யும். அவ்வாறு நான் செய்த பிழைகளையும், பின்னர்க் கற்ற திருத்தங்களையும் ஈண்டுக் கூற விழைகிறேன்.

படம் என்பது புள்ளிகளே

எண்முறை நிழற்படம் என்பது வண்ணப் புள்ளிகளின் வரிசை. இப்புள்ளியைப் பிக்சல் என்பர். அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் கொண்ட படத்தில் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. அதை 640க்கு 480 எனச் சுருக்கினால் எஞ்சுபவை 3,07,200 மட்டுமே. அதாவது, ஏறத்தாழ 39 புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. போனவை போனவையே, மீண்டும் பெரிதாக்கினால் அவை திரும்பி வாரா.

நான்கு பிழைகள்

சென்ற ஆண்டு எங்கள் முகாம் பாகூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே நடைபெற்றது. படங்களின் பொறுப்பு என்னிடம் வந்தது. காமிராவிலிருந்த 312 படங்களையும் கணிப்பொறியில் ஏற்றி, 640க்கு 480 என அளவு கொடுத்துச் சுருக்கினேன். வேலை சில நிமிடங்களில் முடிந்தது. பெருமையுடன் திறந்து பார்த்தபோதுதான் பிழைகள் தெரிந்தன.

முதலாவது, நெட்டையாக எடுத்த படங்களில் நண்பர்கள் எல்லாரும் குட்டையாகவும் பருமனாகவும் காட்சியளித்தனர். கிடைப்படத்துக்குரிய அளவை நெட்டைப் படத்துக்கும் திணித்ததே காரணம். அகலம், உயரம் இரண்டையும் கொடுக்காமல், நீண்ட பக்கத்தின் அளவை மட்டும் கொடுத்து, விகிதத்தைக் காக்கும்படி கட்டளையிட வேண்டும். பலரும் பயன்படுத்தும் இர்பான்வியூ மென்பொருளில் 'பி' விசையை அழுத்தினால் தொகுதிப் பணிக்கான சாளரம் திறக்கும். அங்கு இவ்விரண்டு வசதிகளும் உள்ளன.

இரண்டாவது, சில படங்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. காமிராவைத் திருப்பிப் பிடித்தாலும் உள்ளே புள்ளிகள் ஒரே முறையில்தான் பதிகின்றன. எப்பக்கம் மேற்பக்கம் என்பது 'எக்ஸிஃப்' என்னும் குறிப்பில் 1 முதல் 8 வரையுள்ள ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. சுருக்கும்போது மென்பொருள் படத்தைத் திருப்பாமல் அக்குறிப்பை மட்டும் நீக்கிவிட்டால் படம் படுத்து விடும். முதலில் தானாகத் திருப்பும் கட்டளை, பின்பு சுருக்கும் கட்டளை என்பதே சரியான வரிசை.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வந்த சிறு படங்கள் சுருங்குவதற்கு மாறாகப் பெரிதாகி மங்கின. 'சிறிய படங்களைப் பெரிதாக்காதே' என்னும் கட்டத்தில் குறியிட்டிருந்தால் இது நேர்ந்திராது.

நான்காவது பிழையை அன்று நான் பிழையென்றே அறியவில்லை. சுருங்கிய படங்களை அதே பெயரில், அதே அடைவில் சேமித்தேன். மூலப் படங்களின் மேல் அவை எழுதப்பட்டு விட்டன. காமிராவின் நினைவட்டையையும் அழித்துவிட்டேன்.

ஆயாவின் படம்

அம்முகாமின் கடைசி நாளில் எங்கள் ஆயாவும் வந்து எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். நாற்று நட்ட கூலியில் என் தந்தையை வளர்த்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பேரனோடு நிற்கப் புதுச் சேலை கட்டி வந்தார். இவ்வாண்டு தை மாதம் அவர் மறைந்தார். சுவரில் மாட்டப் படம் வேண்டுமென்று அப்பா கேட்டார். அவர் சிரித்த முகத்தோடு இருந்தது அந்த ஒரு படத்தில்தான்.

ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்றேன். "தம்பி, இதுல புள்ளியே இல்லையே. பெருசு பண்ணா முகம் கரைஞ்சிடும்" என்றார் அங்கிருந்த அண்ணன். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அக்கணக்கில் 640 புள்ளிகள் சற்றேறக்குறைய 2 அங்குலத்துக்கே போதும். மூலப் படம் இருந்திருந்தால் 13 அங்குலம் வரை அச்சிட்டிருக்கலாம். கூட்டத்தின் நடுவே நின்ற ஆயாவின் முகத்துக்கு எஞ்சியவை அகலத்தில் 40 புள்ளிகளே.

அழித்த அட்டையில் புதிதாக எதையும் பதியாதிருந்தால், மீட்பு மென்பொருளால் படங்கள் கிடைக்கக்கூடும். நானோ அதில் விளையாட்டு விழாவையே எடுத்து முடித்திருந்தேன். செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் இட்டுப் பார்த்தபோது தெளிவான ஒரு முகம் வந்தது. இல்லாத புள்ளிகளை அது ஊகித்து நிரப்புகிறது. அப்பா சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இது அம்மா இல்லைடா" என்றார். இறுதியில் ஆதார் அட்டையிலிருந்த படத்தையே மாட்டினோம்.

நம் ஊரில் ஒரு பாடம்

நம் புதுச்சேரியில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்கள் ஆகியவற்றின் நிழற்படங்கள் லட்சத்துக்கும் மேல் உள்ளன. இத்தகைய ஆவணங்களை எண்முறையாக்குவோர் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுண்டு. முழு அளவில் பதிந்த மூலக் கோப்பை யாரும் தொடாமல் தனியே வைப்பர். பார்வைக்குரிய சிறு படங்களை அதன் நகலிலிருந்தே உருவாக்குவர். பெரும் காப்பகத்துக்குரிய இவ்விதி, 312 படங்கள் வைத்திருந்த எனக்கும் பொருந்தியிருக்கும்.

முடிவுரை

நண்பர்களே, படங்களைச் சுருக்குமுன் இவற்றைச் செய்யுங்கள். மூலப் படங்களை வேறோர் அடைவிலும் வேறொரு வட்டிலும் நகலெடுங்கள். சுருங்கிய படங்கள் புதிய அடைவில் விழும்படி அமையுங்கள். இமேஜ்மேஜிக் பயில்வோர், அதன் 'மோக்ரிஃபை' கட்டளை வேறிடம் குறிக்காவிடில் மூலத்தின் மேலேயே எழுதும் என்பதை மறவாதீர்கள். நெட்டைப் படம் ஒன்று, கிடைப்படம் ஒன்று, சிறிய படம் ஒன்று என மூன்றை மட்டும் முதலில் சோதித்துப் பாருங்கள். அவை சரியாக வந்தபின் மற்றவற்றைக் கொடுங்கள். எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே நினைவட்டையை அழியுங்கள்.

ஒரு சோற்றைப் பதம் பார்த்தபின் உலையை இறக்குவது நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் செய்வது. ஆயா எத்தனையோ முறை என் கண்ணெதிரே செய்தார். அதைக் கணிப்பொறியிலும் செய்ய வேண்டும் என்பது எனக்குக் காலங்கடந்தே விளங்கியது. உங்களுக்கு முன்னமே விளங்குமாயின், இக்கட்டுரை பயன்பட்டதாக மகிழ்வேன்.