கணவர் குழந்தையோடு சிங்கப்பூர் போய்விட்டார்

கேள்வி: கணவருக்கும் எனக்கும் ஓராண்டாகப் பேச்சில்லை. திருவிழாவுக்கு வந்தவர், தாத்தா வீட்டுக்கு என்று சொல்லி எங்கள் நான்கு வயது மகளை அழைத்துப்போய், திருச்சியில் விமானம் ஏறிவிட்டார். பாஸ்போர்ட் முன்பே எடுத்திருந்தோம். போலீஸில், "அப்பாதானே கூட்டிட்டுப் போயிருக்காரு" என்கிறார்கள். மகளை எப்படி மீட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அறந்தாங்கி

பதில்: சகோதரி, போலீஸ் சொல்வதில் பாதி உண்மை. நீதிமன்ற உத்தரவு ஏதும் இல்லாதபோது, பெற்ற தகப்பன்மேல் கடத்தல் வழக்கு நிற்பது கடினம். ஆனாலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி.

நாடு விட்டு நாடு கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான ஹேக் ஒப்பந்தம் இருக்கிறதே என்று யாரேனும் சொன்னால் நம்பிக் காத்திருக்காதீர்கள். 1980-இல் உருவான அதில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா இல்லை. சேரும்படி சட்ட ஆணையம் 2009-லேயே பரிந்துரைத்துவிட்டது.

கணவர் எந்தப் பாஸில் இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப்போல ஒர்க் பெர்மிட் என்றால், குடும்பத்தை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. குழந்தை விசிட் பாஸில் சில வாரங்கள்தான் இருக்கலாம். எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸோடு மாதம் 6,000 சிங்கப்பூர் டாலர் சம்பளமும் இருந்தால் மகளுக்கு டிபெண்டன்ட் பாஸ் வாங்கிவிடுவார். பிறகு வழக்கு இழுக்கும்.

எதுவானாலும் இங்கே உடனே வழக்குப் போடுங்கள். 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வாழ்ந்த மாவட்டத்தில் மனு செய்யலாம். எந்த மதத்தவருக்கும் இது பொருந்தும். நீங்கள் இந்து என்றால், ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிற 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் துணைக்கு வரும். அங்கன்வாடிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். ஆனால் கடல் தாண்டிய பிள்ளையை அந்த ஒரு மனுவே கொண்டுவந்துவிடாது.

இங்கே கிடைக்கும் உத்தரவு சிங்கப்பூர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அங்கே நீங்கள் தொடுக்கும் வழக்குக்கு வலுச் சேர்க்கும். நம் உச்ச நீதிமன்றமும் வெளிநாட்டு உத்தரவை அப்படித்தான் பார்க்கிறது: 2015-இல் அங்குள்ள உத்தரவை மதித்து, கோயம்புத்தூர்த் தாய் ஒருவரைப் பிள்ளைகளோடு இங்கிலாந்து போகச் சொன்னது, ஆனால் 2017-இல் இன்னொரு வழக்கில், பிள்ளையின் நலனே முதலில், வெளிநாட்டு உத்தரவு அடுத்துத்தான் என்றது. மகள் அங்கே பள்ளி, நண்பர்கள் என்று ஊன்றிவிட்டால் நலன் என்ற தராசு உங்கள் கணவர் பக்கம் சாயும். ஊர்ப் பெரியவர்கள் பேசட்டும். அதற்காக வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம் வழியாக எழுதுங்கள். வக்கீல் செலவுக்குப் பயந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தரும்.

மனுவிலேயே, மகள் திரும்பி வந்தபின் நீதிமன்ற அனுமதியின்றி வெளிநாடு கொண்டுபோகத் தடையும் கேளுங்கள். உத்தரவு வந்ததும் நகலைத் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.