ஒரு பிடி அரிசி

அடுப்பில் உலை கொதிக்கிறது. ஒரு தாய் சமையலுக்கு அரிசி அளக்கிறார். அதிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுக்கிறார். அதைத் தனி டப்பாவில் போடுகிறார். மீதி அரிசியைக் கழுவி உலையில் போடுகிறார்.

டப்பாவில் போட்ட அரிசி யாருக்கு?

அது அவர்கள் ஊர் தேவாலயத்துக்கு. இது மிசோரம் மாநிலத்தில் நடக்கிறது. மிசோரம் நம் நாட்டின் வடகிழக்கில் உள்ள மலை மாநிலம். அங்கே பெரும்பாலான மக்கள் கிறிஸ்தவர்கள்.

எப்படித் தொடங்கியது?

1910ஆம் ஆண்டு. அன்று மலைக் கிராமங்களில் பணப் புழக்கம் குறைவு. பெண்கள் கையில் காசு இல்லை. ஆனால் சமையல் அவர்கள் பொறுப்பில் இருந்தது. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். சேர்ந்த அரிசியைத் தேவாலயத்துக்குக் கொடுத்தார்கள். மிசோ மொழியில் இதற்கு 'புஹ்பாய் தாம்' என்று பெயர்.

வாரந்தோறும் வீடுகளிலிருந்து அரிசியைச் சேகரிப்பார்கள். பிறகு அதை விற்பார்கள். அந்தப் பணம் சபை ஊழியர் சம்பளத்துக்கும் மற்றப் பணிகளுக்கும் போகும். ஆரம்பத்தில் ஓர் ஆண்டு முழுவதும் கிடைத்தது 80 ரூபாய்தான். இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் சேருகிறது.

வசந்த காலம்

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் மிசோரத்தில் வேலை அதிகம். மலைச் சரிவில் வெட்டிப் போட்ட மூங்கிலும் மரமும் காய்ந்து கிடக்கும். மார்ச் மாதத்தில் அதற்குத் தீ வைப்பார்கள். மழை வந்ததும் அந்த இடத்தில் நெல் விதைப்பார்கள்.

இந்தக் காலத்தில்தான் புனித வெள்ளியும் ஈஸ்டரும் வருகின்றன. புனித வெள்ளி இயேசு இறந்த நாள். ஈஸ்டர் அவர் உயிர்த்தெழுந்த நாள். காட்டு வேலையை நிறுத்திவிட்டு ஊரே தேவாலயத்தில் கூடும். முரசு அடித்து எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள்.

ஆனால் அறுவடைக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது. வீட்டில் அரிசி குறைந்துகொண்டே வரும். அப்போது ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கலாம்.

"அம்மா, பானையில் அரிசி குறைந்துவிட்டதே. இன்றைக்கும் எடுத்து வைக்க வேண்டுமா?"

"இன்றைக்கு உலையில் போட அரிசி இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது."

"அப்படியானால் ஒரு பிடி எடுக்கவும் இருக்கிறது, மகளே."

படிக்கும் இடம்

மிசோரம் தேவாலயங்களில் ஞாயிறு பள்ளி நடக்கிறது. சிறுவர்கள் மட்டும் அல்ல, பெரியவர்களும் அதில் படிக்கிறார்கள். 1894ஆம் ஆண்டு லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஊழியர்கள் ஐஸ்வாலுக்கு வந்தார்கள். அவர்கள் மிசோ மொழிக்கு எழுத்து அமைத்தார்கள். அதன்பின் பலர் எழுத்துக் கற்றது ஞாயிறு பள்ளியில்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 100 பேரில் 91 பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் மிசோரம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

கணக்குப் போடுவோம்

ஒரு பிடி அரிசி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.
ஒரு நாளில் 2 வேளை: 100 கிராம்.
30 நாளில்: 3 கிலோ.
ஓர் ஊரில் 100 வீடு: 300 கிலோ.

ஒரு பிடி குறைந்ததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ஊருக்கு 300 கிலோ சேர்ந்துவிட்டது. பணக்கார வீடும் ஒரு பிடி கொடுக்கிறது. ஏழை வீடும் ஒரு பிடி கொடுக்கிறது. அதனால் கொடுக்க முடியாதவர் என்று யாரும் ஒதுங்கி நிற்பதில்லை.

தமிழ்நாட்டிலும் பிடியரிசி எடுத்து வைக்கும் பழக்கம் உண்டு. உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

பதில் எழுதுங்கள்

1. மிசோரம் பெண்கள் அரிசியை எப்போது எடுத்து வைக்கிறார்கள்?
2. 1910ஆம் ஆண்டு அவர்கள் ஏன் காசு கொடுக்கவில்லை?
3. உங்கள் ஊரில் 60 வீடு இருந்தால், ஒரு மாதத்தில் எத்தனை கிலோ சேரும்?
4. அந்த அரிசியைக் கொண்டு உங்கள் ஊருக்கு என்ன செய்யலாம்? கூடிப் பேசுங்கள்.