ஏலக்காயில் செயற்கைச் சாயம்: கண்டறியும் எளிய முறைகள்

மேகமலைப் பகுதியில் ஏலக்காயும் தேயிலையும் முக்கியப் பயிர்கள். ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர் பெரிய சந்தையாகும். அங்கு பச்சை நிறம் மாறாத காய்களுக்கே நல்ல விலை கிடைக்கிறது. எனவே, வெளுத்த காய்களுக்குச் சாயமேற்றும் தீய பழக்கம் சிலரிடம் உள்ளது. இதனால் நேர்மையாகப் பயிரிடும் விவசாயிகளின் சரக்கும் சந்தேகத்துக்குள்ளாகிறது.

உணவில் 8 செயற்கை நிறங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அதுவும் குறிப்பிட்ட பண்டங்களில்தான். ஏலக்காயிலும் தேயிலையிலும் எந்த நிறமும் சேர்க்கக் கூடாது. ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது நினைவிருக்கலாம்.

சோதிக்கும் முறை

1. ஒரு கண்ணாடி டம்ளர் குளிர்ந்த நீரில் சில காய்களை அரை மணி நேரம் ஊறவிடவும். இலைப் பச்சையம் குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. நீர் நல்ல பச்சையாக மாறினால் சாயம் இருக்கலாம்.

2. அந்த நீரை வடித்து, ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்து, சாயமேற்றாத வெள்ளைக் கம்பளி நூலை இட்டுச் சில நிமிடங்கள் கொதிக்க வைக்கவும். நூலைக் குளிர்ந்த நீரில் நன்கு அலசவும். அமிலச் சாயங்கள் கம்பளியைப் பற்றிக்கொள்ளும். அலசினாலும் நிறம் போகாது. சமையல் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

3. தேயிலைத் தூளை வடிதாளில் பரப்பி நீர் தெளித்து, தூளை அகற்றித் தாளைக் கழுவவும். கறை படிந்திருந்தால் கலப்படம் எனச் சந்தேகிக்கலாம்.

ஆய்வகங்களில் சாயத்தைப் பிரித்தெடுக்கக் குளோரோபாரம் போன்ற நச்சுக் கரைப்பான்கள் பயன்பட்டு வந்தன. அவற்றைக் குறைக்க வேறு வழிகளும் உள்ளன. சில வகைச் சோப்புப் பொருள்களைக் கரைத்துச் சூடாக்கினால் கரைசல் கலங்கி இரு அடுக்குகளாகப் பிரியும். சாயம் சிறிய அடுக்கில் சேர்ந்துவிடும். கழிவு நச்சும் குறைவு.

வீட்டுச் சோதனை முடிவானதல்ல. சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கவும். கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைச் சோதிக்க, வாங்குவோருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது.

நிறம் காக்க நேர்வழி

பறித்த காய்களை 2 சத சலவை சோடாக் கரைசலில் (100 லிட்டருக்கு 2 கிலோ) 10 நிமிடம் ஊறவைத்து, வெயில் படாமல் அறையில் மிதமான சூட்டில் உலர்த்தினால் பச்சை நிறம் நிலைக்கும். சாயம் தேவையில்லை.