பிளைவீலின் எடைக் குறைப்பு

பாரமான பொருள் வலிவுடையது, இலேசான பொருள் நலிவுடையது என்பது உலகோர் பொதுவாகக் கொண்ட எண்ணம். மோட்டார் வண்டியின் எஞ்சினிலுள்ள பிளைவீல் என்னும் சக்கரத்தைப்பற்றி ஆராயுமிடத்து, இவ்வெண்ணம் முற்றிலும் பொருந்தாதென்பது விளங்கும். அச்சக்கரத்தின் எடையைக் குறைத்தால் வண்டி விரைந்தோடும் என்பாரும், குறைத்தால் அது சிதறிவிடும் என்று அஞ்சுவாரும் உளர். இவ்விரு கூற்றுக்களிலும் உண்மை எவ்வளவு என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதற்கண் பிளைவீலின் தொழில் யாதெனக் காண்போம். குயவன் தன் திகிரியைக் கோலினாற் சுழற்றிவிட்டுக் கையை எடுத்த பின்னும் அது நெடுநேரம் சுழல்கின்றது. பெற்ற சக்தியைச் சேமித்து வைத்து, வேண்டும்போது சிறிது சிறிதாக அது செலவிடுகின்றது. பிளைவீலும் அத்தன்மையதே. 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய நிக்கோலாஸ் ஆட்டோ என்பார் அமைத்த நான்கு வீச்சு எஞ்சினில், கிராங்குத் தண்டு இருமுறை சுற்றுங்கால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரே வீச்சில்தான் சக்தியைத் தருகின்றது. உறிஞ்சுதல், அமுக்குதல், வெளியேற்றல் என்னும் ஏனை மூன்று வீச்சுக்களும் சேமித்த சக்தியைக்கொண்டே நடைபெற வேண்டும். சிலிண்டர்கள் பலவாயின் இத்தேவை குறையுமேயன்றி ஒழியாது. அன்றியும், கிளச்சுத் தட்டு அழுந்தும் முகமும், ஸ்டார்ட்டரின் பல் வளையமும் பிளைவீலின் மேலேயே அமைந்துள்ளன.

இனி, எடையைக் குறைப்பதனால் வரும் நன்மையை நோக்குவோம். சுழலும் பொருள் வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை அதன் எடையை மட்டும் பொறுத்ததன்று. அவ்வெடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதன் வர்க்கத்தையும் பொறுத்தது. ஓர் உதாரணம் காட்டுவோம். மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தூரத்தில் 4 கிலோ இரும்பைக் கடைந்து நீக்கியதாகக் கொள்வோம். வண்டிச் சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றும், முதற் கியரில் எஞ்சின் 14 முறை சுற்றினால் வண்டிச் சக்கரம் ஒருமுறை சுற்றும் என்றும் வைத்துக் கணக்கிட்டால், வேகங்கூட்டும்போது வண்டியிலிருந்து ஏறக்குறைய 125 கிலோ பாரத்தை இறக்கிவிட்டதற்கு அது சமமாகும். அதே வண்டியில், மூன்றரைச் சுற்றுக்கு ஒருமுறை சக்கரம் சுற்றும் உயர்ந்த கியரில் அப்பயன் 8 கிலோவுக்கும் குறைவே. அதே 4 கிலோவை 6 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நீக்கினாலோ, முதற் கியரிலும் 31 கிலோ அளவுப் பயனே கிட்டும்.

இக்கணக்கினின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, எடைக்குறைப்பு எஞ்சினின் சக்தியைப் பெருக்குவதன்று. வேகம் மாறுங்கால் மட்டுமே அது உதவும். சீரான வேகத்தில் நெடுஞ்சாலையிற் செல்வோருக்கு அதனால் யாதொரு பயனுமில்லை. மற்றொன்று, எவ்வளவு நீக்கினோம் என்பதினும் எங்கிருந்து நீக்கினோம் என்பதே முக்கியம்.

பாதுகாப்பைப்பற்றிய விடையும் இவ்விடத்திலேயே அடங்கியுள்ளது. சுழற்சியினால் சக்கரத்தினுள் எழும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. நிமிஷத்திற்கு 3,500 சுற்றிலிருந்து 7,000 சுற்றுக்கு ஏறினால் அது நான்கு மடங்காகும். தட்டுப்போன்ற சக்கரத்தில் அவ்விசை மையத்தருகே மிகுதி. விளிம்பிலிருந்து உலோகத்தை நீக்கினால் நடுப்பகுதி தாங்கவேண்டிய சுமை குறைகின்றது. ஆதலின் முறையறிந்து செய்த குறைப்பு சக்கரத்தை நலிவிப்பதன்று. நடுப்பகுதியை மெலித்தாலோ, துளைகளைக் குடைந்தாலோ பயன் சிறிது, கேடு பெரிது. இழுவிசைக்குட்பட்ட உலோகத்தில் ஒரு துளையின் ஓரத்தில் அவ்விசை இருமடங்கு முதல் மும்மடங்கு வரை குவியும். கூரிய மூலைகளும் அவ்வாறே. கிளச்சின் வெப்பத்தால் வார்ப்பிரும்பில் முன்னரே நுண்ணிய வெடிப்புகள் இருக்குமாயின் சொல்லவேண்டுவதில்லை.

பிளைவீல் சிதறுதல் கற்பனையன்று. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மான்செஸ்டர் நகரில், அமோஸ்கெக் நெசவாலையின் நீராவி எஞ்சினுக்குரிய 30 அடிச் சக்கரம் வெடித்து உயிர்ச்சேதம் விளைந்தது. அதன் பின்னர் அவ்வாலையார் மரத்தாலான விளிம்புடைய சக்கரத்தை அமைத்தனர் என்பது நாம் கருதத்தக்கது. மரம் இரும்பினும் நலிந்ததாயினும், தன் எடைக்கு ஏற்ற வலிவு மிகுதியும் உடையது. எடைக்கும் வலிவுக்கும் உள்ள விகிதமே ஈண்டு வேண்டுவது. பிற்காலத்தில் போட்டி வண்டிகளுக்கு எஃகினாலும், எஃகு முகம் பதித்த அலுமினியத்தாலும் இலேசான பிளைவீல்கள் செய்யப்பட்டமைக்கும் இதுவே காரணம். மோட்டார்ப் போட்டி உறுப்புக்களுக்கு அமெரிக்காவிலுள்ள எஸ்.எப்.ஐ. நிறுவனத்தார் வகுத்த விதிகளில் பிளைவீலுக்கும் கிளச்சுக்கும் உரியவை தனியே உள்ளன. எஞ்சின் முன்னும் உந்து சக்கரங்கள் பின்னும் உள்ள வண்டியில் ஓட்டுபவரின் பாதங்களுக்குச் சற்று முன்னே பிளைவீல் சுழல்வதை எண்ணினால், அவ்விதிகளின் அவசியம் புலப்படும்.

நன்மையோடு இழப்பும் உண்டென்பதை மறத்தலாகாது. சக்கரம் இலேசானால் எஞ்சின் விரைவில் வேகமேறும், விரைவில் வேகமிறங்கும். கியர் மாற்றுதலும் விரைவில் நிகழும். ஆனால் வண்டி நிற்கும்போது எஞ்சின் அதிர்ந்தோடும். மேட்டில் வண்டியைக் கிளப்புங்கால் அது அடிக்கடி நின்றுபோகும். வெப்பத்தை ஏற்கும் உலோகம் குறைதலால் கிளச்சு விரைவிற் சூடாகும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் அதிர்வைத் தணிப்பதற்கென்றே இரு பகுதிகளாக அமைந்த பிளைவீல் உள்ளது. அதனை நீக்கி ஒற்றைச் சக்கரத்தைப் பொருத்தினால் அதிர்வு கியர்ப்பெட்டியைத் தாக்கும்.

ஆகவே, நகர வீதிகளில் ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றிச்செல்லும் வண்டிக்குச் செய்தோர் வைத்த சக்கரமே தகும். போட்டிக்கென வண்டியைத் திருத்துவோர், பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தைக் கண்ணளவாகக் கடைவிப்பதை விடுத்து, சோதித்து முத்திரையிடப்பட்ட எஃகுச் சக்கரத்தை வாங்குதல் நன்று. கடைவிக்கத் துணிவோர் விளிம்பையன்றி நடுவைத் தொடவேண்டா. வெடிப்பு உண்டோவென முன்னர்ச் சோதித்தலும், கிளச்சு மூடியோடு சேர்த்துச் சமநிலை பார்த்தலும் இன்றியமையாதன. இயந்திர நூல் கற்கும் மாணவர் லேத்துப் பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு தாளிற் கணக்கிட்டுப் பார்ப்பாராயின், பொருளும் மிஞ்சும். பாதங்களும் பத்திரமாக இருக்கும்.