“எனக்கு ஒண்ணுமே இல்லையே, டாக்டர்!”

“அவருக்குத்தான் ஏதோ இன்ஃபெக்‌ஷன்னு ஊசி போட்டு அனுப்பினாங்க. என்னை எதுக்கு டாக்டரம்மா வரச் சொன்னீங்க? எனக்கு ஒண்ணுமே இல்லீங்களே!”

பால்வினை நோய்ப் பிரிவில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சொல்கிற பெண் எதையும் மறைக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் அவருடைய கர்ப்பப்பை வாய்க்குள் கொனோரியா கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கலாம்.

நம் ஊர்ப் பக்கம் ‘வெட்டை’, ‘மேகவெட்டை’ என்று சொல்வார்களே, பெரும்பாலும் அது இந்த கொனோரியாதான். ஆல்பர்ட் நைஸர் என்ற ஜெர்மன் டாக்டர் 1879-ல் சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். இரண்டு காபிக் கொட்டைகளைத் தட்டைப் பக்கம் எதிரெதிராக வைத்தது மாதிரி ஜோடி ஜோடியாக இருக்கும். பழைய நோய்தானே, இப்போது யாருக்கு வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2020-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 8 கோடியே 24 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

ஆண்களிடம் இந்த நோய் ஆர்ப்பாட்டமாக வரும். தொற்றிய இரண்டு முதல் ஐந்து நாளில் சிறுநீர் கழிக்கும்போது சுருக்கென்று எரியும். மஞ்சளாகச் சீழ் வடிந்து உள்ளாடையில் கறை படியும். மனுஷன் பயந்துபோய் டாக்டரிடம் ஓடிவிடுவார். பெண்களிடம் மட்டும் ஏன் இந்த ஆர்ப்பாட்டம் இல்லை?

காரணம், கிருமி குடியேறும் இடம். ஆண்களுக்கு அது சிறுநீர்ப் பாதையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஒவ்வொரு தடவை சிறுநீர் போகும்போதும் எரிச்சல். வயது வந்த பெண்ணின் பிறப்புறுப்புக் குழாயின் சுவர் பல அடுக்குகளாகத் தடித்திருக்கும். அங்கே கிருமியால் சுலபமாக வேர்விட முடியாது. அதற்குப் பிடித்த இடம் உள்ளே, கர்ப்பப்பை வாயின் மெல்லிய ஓரடுக்குப் படலம். சிறுநீர் படாத, கண்ணுக்குத் தெரியாத இடம்! சில பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதையிலும் சேர்ந்தே தொற்றும். அங்கேகூடப் பெரும்பாலும் சத்தம் போடாது.

பிரிட்டனில் பாலியல் நோய் டாக்டர்கள் பின்பற்றும் 2018-ம் வருட வழிகாட்டியில் உள்ள கணக்கைப் பாருங்கள். தொற்று உள்ள பெண்களில் பாதிப் பேர் வரை எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள். வெள்ளைப்படுதல் அதிகமானது, அல்லது மாறியது என்று சொல்பவர்கள் அதிகபட்சம் பாதி. அடிவயிற்று வலி, கால்வாசிப் பேர் வரை. நீர்க்கடுப்பு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். மாதவிலக்குகளுக்கு நடுவில் ரத்தம் படுவது அபூர்வம்.

இந்த நீர்க்கடுப்பிலும் ஒரு சூட்சுமம். எரியும், ஆனால் அடிக்கடி பாத்ரூம் ஓட வேண்டும் என்ற அவசரம் சாதாரணமாக இருக்காது. வீட்டில் பார்லித் தண்ணீர் குடித்து, ரெண்டு நாளில் எரிச்சல் அடங்கியதும் மறந்துவிடுவார்கள்.

சூடு என்ற சமாதானம்

வெள்ளைப்படுதல் என்றாலே நம் வீடுகளில் முதலில் வருகிற வார்த்தை ‘சூடு’. “உடம்பு சூடும்மா, வெந்தயம் ஊறப் போட்டுக் குடி, இளநீர் குடி” என்று மாமியாரும் அம்மாவும் சொல்வார்கள். இளநீரால் கெடுதல் ஒன்றும் இல்லை. அதைக் குடித்துக்கொண்டே மூன்று மாதத்தை ஓட்டுவதில்தான் கெடுதல்.

நிறத்தை வைத்து நாமே கண்டுபிடித்துவிடலாமா? முடியாது. தயிர்க்கட்டி மாதிரி பட்டு அரிப்பெடுத்தால் காளான் தொற்றாக இருக்கலாம். மீன் வாடை வந்தால் வேறு கிருமி. கொனோரியாவுக்கென்று தனி அடையாளம் கிடையாது. சிலருக்கு மஞ்சளாகப் படும், பலருக்கு வழக்கம்போலத்தான் இருக்கும். இரண்டு மூன்று தொற்றுகள் சேர்ந்து வருவதும் உண்டு.

டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால் தெரியுமே என்பீர்கள். சிலருக்குத் தெரியும். கர்ப்பப்பை வாய் சிவந்து, சீழ் எட்டிப் பார்க்கும். பஞ்சுக் குச்சி பட்டதும் ரத்தம் கசியும். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அப்படிச் சீழ் தென்படுவதில்லை. பலருக்கு எல்லாமே நார்மலாகத்தான் தெரியும். சீழ் வடியும் ஆணின் ஸ்லைடு டெஸ்ட் அநேகமாகப் பொய் சொல்லாது. அதே டெஸ்ட் பெண்களிடம் பாதி கேஸ்களைக்கூட ஒழுங்காகப் பிடிப்பதில்லை. எனவே ‘ஸ்லைடு நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தால் அது விடுதலைப் பத்திரம் அல்ல. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும், கிருமியின் மரபணுவைத் தேடும் புதிய டெஸ்டும் எவ்வளவோ மேல். இந்தப் புதிய டெஸ்டுக்கு டாக்டர் உதவியின்றிப் பெண்ணே பஞ்சுக் குச்சியால் எடுத்துத் தரும் மாதிரியும் போதும்.

இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. அதனால் அரசு மையங்களில் தொந்தரவை வைத்தே மருந்து கொடுக்கும் முறை வந்தது. கர்ப்பப்பை வாய்த் தொற்று என்று பட்டால் சாம்பல் நிறப் பாக்கெட், பிறப்புறுப்புத் தொற்று என்றால் பச்சைப் பாக்கெட் என்று வழங்கி வந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், ஏழை எளியவர்களுக்கு உடனே மருந்து கிடைத்தது. ஆனால் தொந்தரவே இல்லாத பெண்ணுக்கு எந்தப் பாக்கெட்டைக் கொடுப்பது? இங்கேதான் “மனைவியையும் கூட்டிட்டு வாங்க” என்ற அந்த ஒரு வரி உயிர்நாடியாகிறது. கணவரின் எரிச்சல்தான் மனைவியின் நோய்க்குக் கிடைக்கும் ஒரே துப்பு.

கிருமி மேலே ஏறினால்...

கவனிக்காமல் விட்டால் கர்ப்பப்பை வாயில் இருந்த கிருமி மேலே ஏறும். மாதவிலக்குச் சமயம் அதற்கு வசதியான நேரம். பீரியட்ஸ் முடிந்த கையோடு அடிவயிற்றில் கடும் வலி, காய்ச்சல், தாம்பத்திய உறவின்போது உள்ளே வலி என்று வந்தால் கருக்குழாய்கள் வரை போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும். சிகிச்சை பெறாத பெண்களில் நூற்றுக்குப் பத்து இருபது பேருக்கு இப்படி ஆகலாம். சில சமயம் ஈரலைச் சுற்றியுள்ள உறையும் அழன்று, வலது விலாவுக்குக் கீழே குத்தும். பித்தப்பைக் கல் என்று ஸ்கேனுக்கு ஓடுவார்கள்!

கருக்குழாய் புண்ணாகி ஆறும்போது அடைத்துக்கொள்ளலாம். அப்புறம் குழந்தை தங்காது, அல்லது கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். சிலருக்குப் பெரிய வலி ஏதும் இல்லாமலே குழாய் அடைபட்டுவிடுகிறது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து ‘ட்யூப் ப்ளாக்’ என்று ரிப்போர்ட் வரும். பழி யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கர்ப்பிணிக்குத் தொற்று இருந்தால் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் கிருமி படும். இரண்டு முதல் ஐந்து நாளில் இமை வீங்கிச் சீழ் கொட்டும். உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும். 1880-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரெடே என்ற மகப்பேறு டாக்டர், பிறந்தவுடன் குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு இந்த நோயை வெகுவாகக் குறைத்தார்.

“நான்தான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேனே” என்பார்கள் சிலர். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கிருமியை அல்ல. கர்ப்பப்பையையே எடுத்தவர்களுக்கும் சிறுநீர்ப் பாதையில் தொற்றலாம். ஆணுறைதான் பாதுகாப்பு. பொதுக் கழிப்பறையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உடம்புக்கு வெளியே இந்தக் கிருமி வெகுநேரம் தாங்காது.

ஒரு கணவர் தனக்கு ஊசி போட்டுக்கொண்டு, மனைவிக்கு “சத்து மாத்திரை” என்று சொல்லி எதையோ வாங்கிக் கொடுத்தால் அது பெரிய தப்பு. கர்ப்பமா, மருந்து அலர்ஜி உண்டா என்று கேட்காமல் யாரும் மருந்து தரக்கூடாது. மேலும் இந்தக் கிருமி கெட்டிக்காரக் கிருமி. பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் என்று ஒவ்வொன்றாகத் தோற்கடித்துவிட்டது. இப்போது முக்கியமாகக் கைகொடுப்பது செஃப்ட்ரையாக்ஸோன் ஊசிதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அரைகுறையாக மாத்திரை விழுங்கினால் அதுவும் கைவிட்டுப் போகும்.

“யார் யாருக்குக் கொடுத்தது?” என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டாம். தொந்தரவே தராமல் மாதக்கணக்கில் தங்கக்கூடிய கிருமி என்பதால் அதை டெஸ்டால் சொல்ல முடியாது. டாக்டர்களும் அதைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவதில்லை. கூடவே கிளமிடியா, சிஃபிலிஸ், எச்.ஐ.வி. டெஸ்டுகளும் எடுக்கச் சொல்வார்கள். மறுக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் ‘சுகவாழ்வு மையம்’ என்ற பலகை தேடிப் போனால் ஆலோசனையும் மருந்தும் இலவசம், விவரம் வெளியே போகாது.

இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து. அதன்பின் ஏழு நாள் உறவு கூடாது. ஒருவர் மட்டும் மருந்து எடுத்துக்கொண்டால் நோய் மறுபடி திரும்பி வரும். அதனால் குணமானாலும் மூன்று மாதம் கழித்து ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் இருவரும் சேர்ந்தே போய் வாருங்கள்.