கவர்தலும் கவர்ச்சியும்: ஈர்ப்புச் சொற்களில் எழுவாய் மாற்றம்

முன்னுரை

உள்ளத்தைத் தன்பால் இழுக்கும் ஆற்றலைக் குறிக்கக் கவர்ச்சி, ஈர்ப்பு, மயக்கம், வசீகரம் முதலிய சொற்கள் இக்காலத் தமிழில் வழங்குகின்றன. பேச்சிலும் எழுத்திலும் இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருமளவிற்கு நெருங்கிவிட்டன. எனினும் இவற்றின் வினையடிகள் வேறுவேறு செயல்களைச் சுட்டுகின்றன. அச்செயலைச் செய்பவர் யார் என்னும் வினா, இச்சொற்களின் பொருள்மாற்றத்தை அறியத் துணைசெய்கிறது. கவர்தல் என்னும் வினையை முதன்மையாகக் கொண்டு அம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வினையடிகள்

ஈர் என்னும் அடி இழுத்தலையும் அறுத்தலையும் குறிக்கும். ஈர்வாள் என்பதில் பின்னைய பொருள் நிற்கிறது. மயங்குதல் கலத்தற்பொருளுடையது. மெய்ம்மயக்கம், திணைமயக்கம் ஆகிய இலக்கணக் குறியீடுகளில் அறிவு திரிதல் என்னும் பொருள் இல்லை; ஒன்று மற்றொன்றொடு கலத்தலே உண்டு. சொல்வன்மை அதிகாரத்தில் (குறள் 643) சொல்லின் ஆற்றலைக் கூறவந்த வள்ளுவர் பிணித்தல் என்னும் வினையை ஆள்கிறார், அது கட்டுதல். வடசொல்லாகிய வசீகரம் வசப்படுத்துதலைக் குறிப்பது. அதனோடு உறவுடைய வசியம், மாந்திரிக மரபு கூறும் எட்டுக் கருமங்களுள் ஒன்று. இழுத்தல், கலத்தல், கட்டுதல், வசப்படுத்தல் என இவை யாவும் செயல்களே. அழகு என்னும் பண்பை நேரே சுட்டும் சொல் இவற்றுள் ஒன்றும் இல்லை.

கவர்பவர் யார்?

கவர்தல் என்னும் வினை மூன்று நிலைகளில் வழங்குகிறது. முதல் நிலையில் விரும்புபவரே எழுவாய். தொல்காப்பியர் உரியியலில் கவர்வு என்னும் சொல்லுக்கு விருப்பு என்று பொருள் கூறுகிறார். விருப்பு விரும்புபவரிடத்து நிகழ்வது. விரும்பப்படும் பொருளின் பண்பு அன்று. அவ்வியலிலேயே மாதர் என்னும் சொல்லுக்குக் காதல் எனப் பொருள் கூறியிருப்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பின்னர்ப் பெண்ணின் பெயராக நிலைத்த அச்சொல், உரியியலில் உணர்வின் பெயராக உள்ளது. இனியவைகூறல் அதிகாரத்தின் இறுதிக் குறளிலும் (100) கவர்பவன் மனிதன், கவரப்படுவது காய். வெட்சித்திணையின் ஆநிரை கவர்தலிலும் மறவரே எழுவாய்.

இரண்டாம் நிலையில் விரும்பப்படுபவர் எழுவாய் ஆகிறார். திருஞானசம்பந்தரின் முதற்பதிகம் இறைவனை உள்ளத்தைக் கவரும் கள்வனாகக் காட்டுகிறது. குறுந்தொகை 25ஆம் பாடலில் தலைவி தலைவனைக் கள்வன் என்கிறாள். இந்நிலையில் எழுவாய் மாறினும் செயல் மறையவில்லை. கொண்டவர், கொள்ளப்பட்டது, இழந்தவர் ஆகிய மூன்றும் தெளிவாக உள்ளன. கள்வன் என்னும் சொல் கொண்டவர்மேல் பொறுப்பையும் ஏற்றுகிறது.

மூன்றாம் நிலை இக்கால வழக்கு. கவர்ச்சி என்னும் தொழிற்பெயர் பண்புப்பெயர்போல் நின்று, 'கவர்ச்சியான' எனப் பெயரடையாகிறது. இங்கு எதனைக் கவர்ந்தது, யாரிடமிருந்து கவர்ந்தது என்னும் வினாக்கள் எழுவதில்லை. திரைத்துறை சார்ந்த எழுத்தில் வழங்கும் 'கவர்ச்சி நடிகை' என்னும் தொடரில், காண்போர் விருப்பம் காணப்படுபவரின் அடைமொழியாகிவிடுகிறது. விளம்பரங்களில் பயிலும் 'கவர்ச்சிகரமான' என்னும் சொல் வசீகரத்தின் ஈற்றைத் தமிழடியோடு இணைத்து இப்பண்பாக்கத்தை வலுப்படுத்துகிறது.

இம்மூன்றையும் காலவரிசை எனக் கொள்ளுதல் பொருந்தாது. முதலிரு நிலைகளும் பழைய நூல்களிலேயே உள்ளன. அவற்றை மூன்றாவது இக்காலத்தில் மறைத்துள்ளது என்பதே பொருத்தம்.

அணங்கு காட்டும் சான்று

அணங்கு என்னும் சொல் குறித்த ஆய்வுரையாடலும் இவ்வினாவையே தொடுகிறது. ஜார்ஜ் எல். ஹார்ட் அணங்கினைப் பெண்ணிடம் உறையும் புனித ஆற்றலோடு இணைத்து விளக்கினார். அச்சொல்லின் விரிந்த பொருட்பரப்பு அவ்வாற்றல் ஒன்றாகச் சுருக்கப்பட்டதை வி. எஸ். ராஜம் 1986இல் வெளியிட்ட கட்டுரையில் மறுத்தார். மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குரிய நான்கனுள் அணங்கை முதலில் வைத்து, விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றை உடன் கூறுகிறது. அங்கு அணங்கு பெண்ணழகோடு பிணைக்கப்படவில்லை.

திருக்குறளின் 109ஆம் அதிகாரமாகிய தகையணங்குறுத்தலிலும் பேசுபவன் தலைவன். தலைவியைத் தெய்வமோ மயிலோ மானிடப் பெண்ணோ என ஐயுறுவது அவன் நெஞ்சு. அணங்கு என்பது அவளது இயல்பாக நிறுவப்படாமல், கண்டவனின் ஐயமாகவே நிற்கிறது. கூற்றுக்குரியவர் யார் என்பதைக் கருதாது படித்தால், தலைவனின் ஐயம் தலைவியின் இலக்கணமாகிவிடும்.

முடிவுரை

ஈர்ப்பினைக் குறிக்கும் சொற்கள் செயலிலிருந்து தோன்றியவை. இக்காலத்தில் அவை பண்பாகச் சுருங்கி வருகின்றன. இச்சுருக்கத்தால், காண்பவரிடத்து நிகழ்வது காணப்படுபவரின் உடைமையாகக் கருதப்படுகிறது. பெண்ணைக் குறிக்கும் இடங்களில் அது பழியாகவும் மாறுகிறது. ஆகவே பழைய நூல்களின் கவர்வு என்னும் சொல்லுக்குக் கவர்ச்சி என உரையெழுதுதல் பொருத்தமுடையது அன்று. எழுவாய், செயப்படுபொருள், கூற்றுக்குரியவர் ஆகிய மூன்றையும் கண்டபின் பொருள் வரைவதே ஏற்புடையது. அகராதிகளும் இச்சொற்களின் பொருளோடு அவற்றின் எழுவாய் வேறுபாட்டையும் சுட்டுதல் வேண்டும்.